மலையிறங்கும் வண்டிக்கு எந்த ஸ்பேர்? கம்பெனி பெட்டி, சப்ளையர் பிராண்டு, லோக்கல், பழசு

போன வாரம் கூடலூரிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் கூடலூர். பொலிரோ வைத்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறவர். "அண்ணே, முன்னாடி பிரேக் பேடு, பின்னாடி பிரேக் லைனிங், ரெண்டும் மாத்தணும்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. கடையில போய்க் கேட்டா நாலு விலை சொல்றாங்க. முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் மூணு மடங்கு வித்தியாசம். எதைத்தான் போடுறது?"

பேடு என்பது முன் சக்கரத்து டிஸ்க்கைக் கவ்விப் பிடிப்பது, லைனிங் என்பது பின் சக்கரத்து டிரம்முக்குள் உரசி நிறுத்துவது. இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. பத்து வருஷம் ஸ்பேர் கடைக் கவுன்டரில் நின்றிருக்கிறேன். இப்போது இரண்டு ஜீப் வைத்து மலைக்கு ட்ரிப் அடிக்கிறேன். விற்றவன் பார்வையும் தெரியும், வாங்கி மாட்டிக்கொண்டு குமுளி மலையில் இறங்குகிறவன் பயமும் தெரியும். அதனால் போனில் பாதி சொன்னதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன். கம்பம், போடி, உத்தமபாளையம் என்று மலையடிவாரத்தில் வண்டி வைத்திருக்கிற யாருக்கும் இது உதவும்.

## விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாகம் கொண்டை ஊசி வளைவில் கைவிட்டால் என்ன ஆகும்? ஹார்ன் போனால் கைதட்டிக் கூப்பிடலாம். சைடு கண்ணாடி போனால் தலையை நீட்டிப் பார்க்கலாம். பிரேக் போனால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடு எண்டு கழன்றால், வீல் பேரிங் உடைந்தால் வண்டியில் உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரின் வீட்டுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டாவது, அந்தப் பாகம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பது. ஏர் ஃபில்டர் மாற்ற ஐந்து நிமிஷம். கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். உள்ளே போகப் போகக் கூலி ஏறும். அங்கே மலிவான பாகம் வாங்குவது மிச்சமே இல்லை.

மூன்றாவது, நம் வண்டியின் மாடலுக்கும் வருஷத்துக்கும் சரியாகப் பொருந்துமா என்பது. "பொலிரோவுக்குக் குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் நாலு விதமாக எடுத்துக் காட்டுவார். பார்ட் நம்பர் தெரிந்தால் ஒன்றுதான் வரும்.

நான்காவது, பில்லும் திருப்பிக் கொடுக்கும் வசதியும். ஐந்தாவது, எத்தனை நாளில் கைக்கு வரும் என்பது. வண்டி நிற்கிற ஒவ்வொரு நாளும் நமக்கு வாடகை போகிறது, ஆட்களுக்குக் கூலி போகிறது.

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

## மலை பிரேக்கிடம் என்ன கேட்கிறது

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. இது புரிந்தால் நான் ஏன் பிரேக்கில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்பது புரியும்.

ஆளும் மூட்டையுமாக இரண்டரை டன் எடையுள்ள வண்டி 400 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சக்தி எங்கேயாவது போயாக வேண்டும். முழுவதும் பிரேக் வழியாகச் சூடாக மாறினால், சுமார் 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருகிற அளவு சூடு அது. கல்யாண வீட்டில் ஒரு குண்டா தண்ணீரைக் கொதிக்க வைக்க எவ்வளவு விறகு எரிக்கிறோம்! அந்தச் சூட்டை உள்ளங்கை அகலமுள்ள சில பேடுகளும் லைனிங்குகளும் வாங்கிக்கொள்கின்றன. ஏறின கியரிலேயே இறங்கு என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். கியர் பிடித்தால் அந்தச் சூட்டில் பெரும்பங்கை இன்ஜின் எடுத்துக்கொள்ளும்.

பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. அது பேடோ லைனிங்கோ சூட்டில் பிடிப்பை இழந்த நிலை. இன்னொன்று, பெடல் பஞ்சு மாதிரி இறங்கித் தரையைத் தொடும். அது பிரேக் ஆயில் கொதித்து ஆவியான நிலை. டாட் 3 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதுவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்ட பிறகு 140 டிகிரி வரை தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. டாட் 4-க்கு இவை 230, 155. மூடி திறந்து பாதி பயன்படுத்திய டப்பாவை மழைக்காலம் முழுக்கப் பட்டறை மூலையில் வைத்திருந்து ஊற்றினால் எந்த நிலைமைக்கு வந்து நிற்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனை நல்ல பேடு போட்டாலும் அந்த ஆயில் கெடுத்துவிடும்.

## கம்பெனி பெட்டி

வண்டி செய்த நிறுவனத்தின் பெயர் போட்ட பெட்டியில் வருவது. ஷோரூமிலும் அதிகாரப்பூர்வக் கடைகளிலும் கிடைக்கும்.

பேடு, லைனிங், பேரிங், ஃபில்டர் போன்றவற்றில் பெரும்பாலானவற்றை வண்டி நிறுவனமே செய்வதில்லை. அதற்கென்று இருக்கிற சப்ளையர்களிடம் வாங்குகிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. மாதிரி வாங்கிச் சோதித்து, அளவும் உலோகமும் சரியா என்று பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் வாங்குகிறது. ஐஏடிஎஃப் 16949 என்ற வாகனத் துறைத் தர முறை இருக்கிறதே, அதன் சாரமே இதுதான். ஒரு பாகம் கெட்டால் அது எந்தத் தொகுதியில், எந்த நாளில் செய்யப்பட்டது என்று தேடிப் போக முடிய வேண்டும். அந்தச் சோதனைக்கும் பொறுப்புக்கும் சேர்த்துத்தான் நாம் கூடுதல் விலை கொடுக்கிறோம்.

குறை என்ன? விலை. அடுத்தது, எல்லாச் சமயமும் ஸ்டாக் இருக்காது. தேனியிலோ மதுரையிலோ ஆர்டர் போட்டு இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டி வரும். பழைய கமாண்டர், மேஜர் மாதிரி உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குப் பல பாகங்கள் கிடைப்பதே இல்லை.

வாரன்டியில் இருக்கிற வண்டிக்கு இதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். சென்சார், எலக்ட்ரானிக் கன்ட்ரோல் பெட்டி, வயரிங் ஆகியவற்றுக்கும் இதுதான்.

## சப்ளையர் பிராண்டு

கம்பெனிக்குப் பாகம் கொடுக்கிற அதே சப்ளையர், தன் சொந்தப் பெயரில் கடைக்கு விடுவது. கடைகளில் ஓஇஎம் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வண்டி நிறுவனத்தின் பங்கு சேராததால் விலை குறையும்.

நான் பெரும்பாலும் வாங்குவது இந்த வகைதான். அதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. பிரேக் செய்கிற வேலையில் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகள் உலகத்தரம் தொட்டவை. ஜப்பானின் டெமிங் பரிசு, தரத்துக்கு உலகம் மதிக்கிற பரிசு. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு அதை 1998-ல் வாங்கியது, இந்தியாவிலேயே முதலாவதாக. சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-லும், ரானே பிரேக் லைனிங் 2003-லும் வாங்கின. 1911-ல் தொழில் தொடங்கிய மதுரை டிவிஎஸ் குடும்பம் வளர்ந்த வழியில் வந்தவை இவற்றில் சில. நம் பக்கத்து ஆட்கள் செய்கிற நல்ல சாமானை விட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத பெட்டியை எடுப்பானேன்?

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே சப்ளையர் என்பதால் அதே கலவை என்று அர்த்தமில்லை. கம்பெனிக்கு ஒரு கலவையில் பேடு கொடுத்துவிட்டு, கடைக்கு வேறொரு கலவையில் விடுவதும் உண்டு. அது தரக்குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் சத்தம், தேய்மானம், பிடிப்பு கொஞ்சம் மாறலாம். ஆகவே இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று கலந்து போடவே கூடாது. ஒரு ஆக்ஸிலுக்கு ஒரே செட்.

பேடின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். எண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிப்பு, இரண்டாவது அதிகச் சூட்டில் பிடிப்பு. இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டும் எஃப் என்று இருந்தால் சூடானாலும் பிடிப்பு அதே வரம்பில் நிற்கிறது. முதலில் எஃப், அடுத்து இ என்றால் சூடாகச் சூடாக விடுகிறது. மலைக்கு நான் இரண்டாவது எழுத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இது பிடிப்பை மட்டும்தான் சொல்லும், ஆயுளைச் சொல்லாது. எழுத்தே இல்லாத பேடு என்றால் வாங்காமல் வைத்துவிடுவேன்.

இந்த வகையின் பெரிய ஆபத்து, இதன் பெயரில்தான் டூப்ளிகேட் அதிகம் வருகிறது என்பது. அதற்குத் தனியாக வருகிறேன்.

## லோக்கல்

சின்னப் பட்டறைகளும் சிறு நிறுவனங்களும் தங்கள் சொந்தப் பெயரில் செய்து விற்பது. இதை டூப்ளிகேட்டோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. தன் பெயரைப் போட்டு விற்கிறவர் குறைந்தபட்சம் பொய் சொல்லவில்லை. சைலன்சர் கிளாம்பு, மட்கார்டு, மேட், சீட் கவர், கதவு ரப்பர், லோடு வண்டியின் பாடிப் பலகைக் கொக்கி என்று நம் ஊர்ப் பட்டறைகள் கம்பெனியைவிடக் கெட்டியாகச் செய்து தருகிற பொருட்களும் இருக்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், பாகத்தின் தரம் கண்ணுக்குத் தெரியாத வேலையில் இருக்கும்போது. ஒரு டை ராடு எண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியுடையதும் லோக்கலும் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதிரி கறுப்பு, ஒரே மரை, ஒரே ரப்பர் பூட்டு. உள்ளே இருக்கிற உருண்டையின் மேல்தோலைக் கடினப்படுத்தி, உள்பக்கத்தை முறியாத பதத்தில் விட்டிருக்கிறார்களா என்பது வெளியில் தெரியாது. பதம் தப்பினால் ஒன்று சீக்கிரம் தேயும், இல்லை திடீரென்று முறியும். சக்கரத்துப் பிரேக் சிலிண்டருக்குள் ஆயில் ஒழுகாமல் அடைக்கிற ரப்பரான வீல் சிலிண்டர் கப்பும் அப்படித்தான். ரப்பர் கலவை சரியில்லை என்றால் பிரேக் ஆயில் பட்டு உப்பிப்போய், பெடலை விட்டாலும் லைனிங் டிரம்மை விடாது.

டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை. கவுன்டரில் நின்ற காலத்தில் ஒரு முதிய மெக்கானிக் வருவார். புது டிரம்மை ஒரு விரலில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் தட்டிக் காதைக் கொடுப்பார். கோவில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு ஒலித்தால் வாங்குவார். 'தட்' என்று செத்த சத்தம் வந்தால் உள்ளே விரிசலோ காற்றுக் குமிழோ இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பார். அப்புறம் பழைய டிரம்மையும் புதியதையும் தராசில் வைப்பார். புதியது எடை குறைவாக இருந்தால், வார்ப்பில் இரும்பைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். இரும்பு குறைந்தால் சூட்டைத் தாங்குகிற சக்தியும் குறையும். இன்றும் நான் டிரம் வாங்கினால் தட்டாமல் வாங்குவதில்லை.

## பழசும் ரீகண்டிஷனும்

சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில், உடைத்த வண்டியிலிருந்து கழற்றி விற்பது பழசு. தேய்ந்ததைச் சரிசெய்து தருவது ரீகண்டிஷன். இரண்டும் ஒன்றில்லை.

கதவு, பானெட், கண்ணாடி ஃபிரேம், சீட், டேஷ்போர்டு, லைட் ஹவுசிங் போன்றவற்றுக்குப் பழசு அருமையான வழி. கம்பெனியின் அசல் தகடு, புதிய லோக்கலைவிடப் பொருத்தமாக உட்காரும். உற்பத்தி நின்ற பழைய ஜீப்புக்கு கியர்பாக்ஸ் ஹவுசிங், டிஃபரன்ஷியல் எல்லாம் பழசில்தான் தேட வேண்டும். விற்பவரின் பெயர் போட்ட பில் இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் பாகமாக இருந்தால் ஸ்டேஷன் வாசலில் நிற்கப் போவது நாம்.

செல்ஃப் மோட்டார், டைனமோ, டீசல் பம்ப், நாசில் இவற்றுக்கு நல்ல ரீகண்டிஷன் நம்பிக்கையானது. டீசல் பம்ப்பை மட்டும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிற இடத்தில் கொடுங்கள். காதால் கேட்டு டியூன் செய்கிறவரிடம் வேண்டாம்.

பழைய பேடு, பழைய ஹோஸ், பழைய டை ராடு எண்டு, பழைய பேரிங் கூடவே கூடாது. அவை எவ்வளவு தூரம் ஓடின, எப்படி அடிபட்டன என்று யாருக்கும் தெரியாது. லைனிங்கைத் தாங்குகிற வளைந்த இரும்பான ஷூ பழசாக இருந்தாலும் அதற்குப் புது லைனிங் ரிவிட் அடித்துப் போடுவதில் தப்பில்லை, லைனிங் நல்ல பிராண்டாகவும் ஷூ நெளியாமலும் இருந்தால். அந்த வேலை செய்யும்போது பழைய தூளைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கலந்த லைனிங்காக இருந்தால் அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். அங்கே குனிந்து வேலை செய்கிற பையனும் ஒரு வீட்டுப் பிள்ளை.

## ஒரே பார்வையில்

| வகை | எப்போது சிறந்தது | எப்போது வேண்டாம் | வெளியில் தெரியாத செலவு |
|---|---|---|---|
| கம்பெனி பெட்டி | வாரன்டி வண்டி, சென்சார், வயரிங், ஸ்டீயரிங் பாகங்கள் | அவசரமாக வண்டி கிளம்ப வேண்டும், ஸ்டாக் இல்லை என்னும்போது | காத்திருக்கும் நாட்களின் வாடகை |
| சப்ளையர் பிராண்டு | பிரேக், கிளட்ச், பேரிங், ஃபில்டர் | பில் தராத கடையில் | டூப்ளிகேட்டில் மாட்டும் ஆபத்து, கலந்து போட்டால் ஒரு பக்கம் இழுப்பது |
| லோக்கல் | பாடி சாமான், கிளாம்பு, மேட், சீட் | பிரேக், ஸ்டீயரிங், வீல் பேரிங் | இரண்டாவது தடவை கூலி, பக்கத்துப் பாகம் கெடுவது |
| பழசு | கதவு, பானெட், பழைய ஜீப்பின் ஹவுசிங் | தேய்கிற, அடிபடுகிற எந்தப் பாகமும் | தேடி அலைகிற செலவு, திருட்டுச் சாமான் பயம் |
| ரீகண்டிஷன் | செல்ஃப், டைனமோ, டீசல் பம்ப் | அனுபவமில்லாத பட்டறையில் | திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டுவது |

## டூப்ளிகேட்: பெட்டி அசல், உள்ளே பொய்

எட்டு வருஷத்துக்கு முன் எனக்கே நடந்தது. பெயர் தெரிந்த பிராண்டின் பெட்டியில், ஒரு கடையில் முன் பேடு வாங்கினேன். பில் கேட்கவில்லை. விலை கொஞ்சம் குறைவாக இருந்ததில் சந்தோஷம். ஆனி மாதச் சாரலில், தோட்டத்திலிருந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு குமுளியிலிருந்து இறங்கினேன். இரைச்சல்பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பெடல் கெட்டியாக நின்றது, வண்டி நிற்கவில்லை. இரண்டாவது கியருக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் சாய்த்து நிறுத்தினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அந்த அக்காவின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

லோயர்கேம்ப்பில் கழற்றிப் பார்த்தோம். பேடின் முகம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகிப்போயிருந்தது. ஒரு பேடில் லைனிங்கின் ஒரு மூலை தகட்டை விட்டுத் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தை விட்டு நெம்பினால் வந்தது. அடியில் தகட்டில் துரு. துருவைச் சுரண்டாமலே மேலே பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். அந்தத் துருவைப் பார்த்த நாளிலிருந்துதான் பெட்டியைப் பார்த்து வாங்குவதை விட்டேன்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 2011-ம் ஆண்டு எடையளவுச் சட்ட விதிகளின்படி பெட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும், மாதமும் வருஷமும், புகார் சொல்ல வேண்டிய நம்பரும் அச்சாகியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பெட்டியில் இருக்கிற பார்ட் நம்பரும் பாகத்தின் மேல் பொறித்ததும் ஒன்றா பாருங்கள். அசல் பொறிப்பு ஒரே ஆழத்தில் இருக்கும். பேரிங்கில் இது இன்னும் முக்கியம். எஸ்கேஎஃப் நிறுவனம், பேரிங்கையும் பெட்டியையும் படம் எடுத்து அனுப்பிச் சரிபார்க்க ஒரு செயலியே வைத்திருக்கிறது. பெயரைப் போலி செய்வது அந்த அளவுக்கு நடக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், பில். "பில்லு போட்டா வரி சேருமே அண்ணே" என்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன உதிரிபாகத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு பலவற்றுக்கு 28 இருந்தது. ஆகவே பழைய காரணத்தைச் சொல்லி பில்லைத் தவிர்க்க வேண்டியதில்லை. பில் இருந்தால் கடைக்காரர் டூப்ளிகேட்டை நீட்டுவதற்கே யோசிப்பார். அப்படியும் ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

மெக்கானிக்கே வாங்கி வருகிறார் என்றால் மூன்றைக் கேளுங்கள்: பில், காலிப் பெட்டி, கழற்றிய பழைய பாகம். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## பாகம் பாகமாக என் முடிவு

பிரேக் பேடு, லைனிங், ஹோஸ், சிலிண்டர் கிட்: சப்ளையர் பிராண்டு அல்லது கம்பெனி, பில்லோடு. டிஸ்க்கிலும் டிரம்மிலும் தேய்மான எல்லை அச்சாகியிருக்கும், டிஸ்க்குக்குக் குறைந்தபட்சத் தடிமன், டிரம்முக்கு அதிகபட்ச விட்டம். லேத்தில் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள். எல்லை தாண்டியதைக் கடைந்து போட்டால் புது லைனிங்கும் வீண்.

டை ராடு எண்டு, பால் ஜாயிண்ட்: முடிந்தால் கம்பெனி. விலை வித்தியாசம் உயிரோடு ஒப்பிடக்கூடியதில்லை.

கிளட்ச்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே பிராண்டில் செட்டாக. பேரிங் மட்டும் லோக்கலாகப் போட்டு, ஆறே மாதத்தில் அந்த ஒரு பேரிங்குக்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்கியவர்கள் எத்தனையோ பேர்.

ஆயில் ஃபில்டர்: மலிவாகத் தோன்றும் இடம், ஆனால் ஏமாறும் இடமும் இதுதான். உள்ளே, ஆயில் கெட்டியாக இருக்கும்போது வழிவிடுகிற பைபாஸ் வால்வு சரியில்லை என்றால் குளிர்ந்த காலையில் டர்போவுக்கு ஆயில் தாமதமாகப் போகும். ஃபில்டரில் மிச்சம் பிடித்த காசு டர்போ பில்லில் எங்கே தெரியும்?

டயர்: ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. முன் சக்கரத்துக்கு ரீட்ரெட், அதாவது தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது, வேண்டாம்.

பல்பு, வைப்பர், கண்ணாடி, மேட்: எங்கே மலிவோ அங்கே.

## மேலே வாங்குவதா, கீழே வாங்குவதா

இது எங்கள் எல்லைக்கே உரிய கேள்வி. மேலே என்றால் மலைமேல் கேரளத்து இடுக்கி, கீழே என்றால் நம் தமிழ்நாட்டு அடிவாரம். நெடுங்கண்டத்திலோ வண்டன்மேட்டிலோ வண்டி நின்றுவிட்டால் கட்டப்பனைக் கடைகள்தான் பக்கம். இடுக்கிக்காரர்கள் ஜீப்பிலேயே வாழ்கிறவர்கள், பழைய ஜீப் சாமான்களும் அதைத் தெரிந்த மெக்கானிக்குகளும் அங்கே கிடைக்கிற மாதிரி கீழே கிடைப்பதில்லை. கமாண்டர் வைத்திருக்கிறவர்களுக்கு நான் கட்டப்பனையையே சொல்வேன்.

மற்ற வண்டிக்குக் கீழே வாங்குவதே மேல். பாகம் சரியில்லை என்றால் மாற்ற ஒரு ட்ரிப் மலையேற வேண்டாம். மேலே வாங்குவதாக இருந்தால் பெயரைச் சொல்லிக் கேட்காமல், பழைய பாகத்தின் நம்பரை போனில் படம் எடுத்து வைத்துக் காட்டுங்கள். தமிழில் நாம் ஒன்று சொல்லி, மலையாளத்தில் அவர் ஒன்று புரிந்துகொள்கிற குழப்பம் வராது.

வண்டியிலேயே ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்: ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், சிலிண்டர் கப் செட், சீல் உடைக்காத பிரேக் ஆயில், ஃப்யூஸ், பல்பு. நடுமலையில் கிடைத்ததை வாங்கி மாட்ட வேண்டிய கட்டாயமே வராது. ஐயப்ப சீசன் ஓட்டம் ஓடுகிறவர்கள் கார்த்திகை ஒன்றாம் தேதிக்கு முன்னாலேயே பிரேக் வேலையை முடித்துவிடுங்கள். சீசனில் கம்பம்மெட்டு வழியாக வண்டிகளைத் திருப்பிவிடும்போது ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து, பிரேக்கிலேயே கால் வைத்து ஓட்ட வேண்டியிருக்கும்.

## கூடலூர் தம்பி என்ன செய்தார்

டிரம்மை அளந்ததில் ஒன்று எல்லையைத் தாண்டியிருந்தது. அதனால் இரண்டு டிரம், லைனிங் செட், முன் பேடு எல்லாம் சப்ளையர் பிராண்டில் தேனியில் பில் போட்டு வாங்கினார். பிரேக் ஆயிலையும் முழுசாக மாற்றச் சொன்னேன். கை விட்டுப் போன காசை ஈடுகட்ட, உடைந்திருந்த சைடு கண்ணாடியையும் பின் கதவையும் பழசில் வாங்கிக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே சமதளத்திலேயே, மெதுவாகப் பிரேக் பிடித்துப் பிடித்து ஓட்டினார். புதுப் பேடு டிஸ்க்கோடு ஒட்டிப் பழக 200, 300 கிலோமீட்டராவது வேண்டும். மூன்றாம் நாள் ஆள் ஏற்றாமல் குமுளி வரை ஏறி இறங்கி, லோயர்கேம்ப்பில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் தொடாமல் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்திருக்கிறார். முன் இடது சக்கரம் மட்டும் கூடுதலாகச் சுட்டது. பேடை அழுத்துகிற காலிப்பர் நகர்வதற்கான பின் இறுகியிருந்தது. கழற்றி, துரு தேய்த்து, அதற்கென்று உள்ள கிரீஸ் போட்டு மாட்டினார்கள். மறுநாள் விடிகாலை வழக்கம்போல ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறினார்.